விபத்து நடக்கும்வரை தெரியாத கோளாறுக்கு யார் புகார் கொடுப்பது?

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2022 அக்டோபரில் கியா நிறுவனம் 44,174 கேரன்ஸ் கார்களை, கோளாறைச் சரிசெய்வதற்காகத் திரும்ப அழைத்தது. இதைத்தான் ரீகால் என்கிறார்கள். ஏர்பேக்கை இயக்கும் மென்பொருளில் பிழை இருக்கலாம், சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் இலவசமாகப் புது மென்பொருள் ஏற்றித் தருகிறோம் என்றார்கள். அடுத்த ஜூனில் அதே மாடலுக்கு இன்னொரு அழைப்பு. இந்த முறை 30,297 கார்கள். வண்டியைக் கிளப்பும்போது மீட்டர் திரை சரியாக உயிர்பெறாமல் வெறுமையாகிவிடலாம் என்பது காரணம். இரண்டு முறையும் நிறுவனமே முன்வந்து அறிவித்தது. அதில் எனக்குக் குறையில்லை. என் கேள்வி உங்களிடம்தான். அவர்கள் முன்வராமல் இருந்திருந்தால், அந்த ஏர்பேக் பிழை நம் நாட்டில் எந்த வழியாக வெளியே வந்திருக்கும்?

2012 முதல் நம்மிடம் இருந்தது உற்பத்தியாளர் சங்கமான சியாம் வகுத்த, விருப்பப்பட்டால் பின்பற்றும் நடைமுறை மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 110ஏ பிரிவைச் சேர்த்து, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளையும் கொண்டுவந்தீர்கள். 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி உத்தரவிடலாம், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். நல்ல காரியம். ஆனால் அந்த ஏற்பாடு பெரிதும் நம்பியிருப்பது உரிமையாளர்களின் புகார்களை. விற்ற வண்டிகளில் இத்தனை சதவீதத்துக்குப் புகார் வந்தால் விவகாரம் சூடுபிடிக்கும்.

பிரேக் ஆயில் கசிந்தால் தரையில் தெரியும். ஸ்டியரிங் ஆடினால் கைக்குத் தெரியும். ஏர்பேக் மென்பொருள் தப்பாக எழுதப்பட்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

2016 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் உலகம் முழுக்கச் சுமார் 43 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மோதலை உணர்ந்து ஏர்பேக்கை விரிக்க வேண்டிய சிறு கணினி, அபூர்வமான சில சூழல்களில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து வண்டி மோதினால் முன்பக்க ஏர்பேக் விரியாது, சீட் பெல்ட்டும் இறுகாது. ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள். அந்த 43 லட்சம் வண்டிகளை ஓட்டியவர்களில் ஒருவர்கூட மோதுவதற்கு முன் புகார் கொடுத்திருக்க முடியாது. அவர்கள் பார்த்தவரை வண்டியில் ஒரு குறையும் இல்லை.

அதற்கு 2 ஆண்டு முன்னால் அமெரிக்காவில் நிசான் திரும்ப அழைத்தது சுமார் 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிகளை. முன் இருக்கையில் பெரியவர் உட்கார்ந்திருந்தாலும் இருக்கை காலி என்று மென்பொருள் முடிவுகட்டி, ஏர்பேக்கை அணைத்துவிடும். காலி இருக்கையில் ஆள் ஏறும் நேரத்தில் எஞ்சின் அதிர்வு கூடுதலாக இருப்பது, உட்காருகிறவர் சாய்ந்தோ சரிந்தோ உட்காருவது போன்றவை சேர்ந்தால் இப்படி ஆகலாம் என்று விளக்கினார்கள். நம் வீடுகளில் முன் இருக்கையில் அம்மாவோ அப்பாவோ எப்படி உட்காருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, புகாரை எண்ணிக்கொண்டு காத்திருக்கும் முறை இந்த வகைக் கோளாறுக்குச் சரிப்படாது. உயிர் காக்கும் மென்பொருளில் பிழை இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்த உடனேயே, ஒரு புகார்கூட வராவிட்டாலும், குறித்த நாட்களுக்குள் உங்களிடம் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்று விதியைத் தெளிவாக்குங்கள்.

அப்புறம், அந்த எழுத்தை எங்களுக்கும் காட்டுங்கள். அமெரிக்காவில் நிறுவனம் கொடுக்கும் கோளாறு அறிக்கை அப்படியே இணையத்தில் வந்துவிடுகிறது. 2014-இல் மஸ்தா 6 கார்கள் 42,000 திரும்ப அழைக்கப்பட்டன. பெட்ரோல் வாடைக்கு வரும் சிலந்தி, டேங்க்கின் காற்றுக் குழாயில் வலை பின்னிவிடுகிறது, காற்று உள்ளே போக முடியாமல் வெற்றிட இழுப்பு கூடி டேங்க் விரிசல் விடலாம் என்றார்கள். தீர்வு என்ன தெரியுமா? அந்த இழுப்பு எல்லை மீறாதபடி எஞ்சின் மென்பொருளை மாற்றியது. 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் நகரில், ஒரு லாரி கோணலாகக் கட்டி இழுத்துப்போன பிக்கப் வண்டியின் மீது, வேமோவின் ஓட்டுநரில்லாக் கார்கள் இரண்டு சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து மோதின. இழுபடும் வண்டி எந்தப் பக்கம் நகரும் என்பதை மென்பொருள் தப்பாகக் கணித்தது என்று காரணத்தோடு வெளியிட்டு, 444 கார்களைத் திரும்ப அழைப்புக்கு உட்படுத்தினார்கள். கேரன்ஸ் விஷயத்தில் நான் படித்த செய்திகளில் 'பிழை இருக்கலாம்' என்பதற்கு மேல் விவரம் இல்லை. எந்தச் சூழலில் ஏர்பேக் விரியாமல் போகும் என்று தெரிந்தால்தானே உரிமையாளர் அவசரத்தை உணர்ந்து வண்டியைக் கொண்டுபோவார்?

எங்கள் வீட்டில் இருப்பது செகண்ட் ஹேண்ட் கார். போன சர்வீஸில் ஜாப் கார்டின் கடைசியில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று ஒரு வரி, எதிரே ரூபாய் கட்டத்தில் பூஜ்யம். என்ன அப்டேட் என்று கேட்டேன். "கம்பெனியிலிருந்து வந்தது சார், போட்டுவிட்டோம்" என்றார் அங்கிருந்த அட்வைசர். பிரேக்கா, ஏர்பேக்கா, பாட்டுப் பெட்டியா என்று அவருக்கும் தெரியவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் கையில் இருந்ததும் அந்த ஒரு வரிதான்.

இனிமேல் அந்த ஒரு வரியும் இருக்காது. வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு இரவோடு இரவாக இணையம் வழியே மென்பொருள் மாறிவிடும். 2024 பிப்ரவரியில் சுமார் 22 லட்சம் டெஸ்லா கார்களில் பிரேக், பார்க்கிங், ஏபிஎஸ் எச்சரிக்கை எழுத்துகள் விதி சொல்லும் அளவைவிடச் சிறியதாக இருந்ததை அப்படித்தான் சரிசெய்தார்கள். அதற்காக வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அது சட்டப்படி ரீகால்தான், பொதுப் பதிவில் இருக்கிறது. இங்கேயும் பாதுகாப்பு தொடர்பான எந்தத் திருத்தமும், எந்த வழியில் வந்தாலும், ரீகால் என்றே பதிவாக வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்கு நிறுவனத்தின் கடிதம் பெரும்பாலும் வந்து சேருவதில்லை. அது பழைய உரிமையாளரின் முகவரிக்கோ, அவர் கைவிட்ட நம்பருக்கோ போகிறது. இன்றைய உரிமையாளர் யார் என்பது வண்டிப் பதிவு விவரங்களை வைத்திருக்கும் உங்கள் வாகன் இணையதளத்தில் இருக்கிறது. சிக்னலைத் தாண்டினால் செலான் செல்போனுக்கு வந்துவிடுகிறதே, ஏர்பேக் விரியாமல் போகலாம் என்ற செய்தியும் அதே எண்ணுக்கு வரலாமே. ரீகால் புகார் பதிய வாகன் தளத்தில் பக்கம் வைத்திருக்கிறீர்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் அந்த வண்டிக்கு இதுவரை வந்த ரீகால் எத்தனை, எது இன்னும் பாக்கி, கோளாறு என்ன என்பதைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் காட்டும்படி அதை விரிவாக்குங்கள். ஆர்.சி. பெயர் மாற்றும்போது பாக்கி ரீகால் இருந்தால் வாங்குகிறவருக்குச் சொல்லிவிட்டே மாற்றுங்கள்.

விதித் திருத்த வரைவு வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது உங்கள் வழக்கம். இதற்கும் ஒரு வரைவு வெளியிடுங்கள். எழுதி அனுப்ப என்னைப் போல் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கார் உரிமையாளர்