சாய நீரில் ஒரு சிறு சோதனை: சுத்திகரிப்பு நிலைய நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

திருப்பூரில் ஜாப் ஒர்க்கில் சாயப்பட்டறை நடத்திவரும் நான், நம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர்களுள் ஒருவன். சாயக் கழிவுநீரிலிருந்து சாயத்தைச் சோப்பு போன்ற ஒரு பொருளால் பிரித்தெடுக்கும் முறையைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டு, சென்ற உறுப்பினர் கூட்டத்தில் நான் எழுதிக் கொடுத்த வேண்டுகோளை, “ஆற்றில் இருக்கும் நுரை போதாதென்று இவர் வேறு சோப்பு ஊற்றச் சொல்கிறார்” என்ற ஒரு சிரிப்போடு தள்ளிவைத்தீர்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டு பக்கங்களைப் படித்திருந்தீர்கள் என்பதை இப்போதாவது கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும், சாயக் கழிவு தேங்கி ஒரத்துப்பாளையம் அணை பட்ட பாடும் நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. நான் பேச வந்தது நிலையத்தின் பின்புறக் கொட்டகையைப் பற்றி. கழிவுநீரைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் கடைசியாக மிஞ்சும் கலப்பு உப்பு அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. போன ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து, அடி வரிசை மூட்டைகள் தையல் விட்டுப் பிதுங்கி, காவி நிறத்தில் வடிந்த நீர் சிமெண்ட் தளத்தையே பொரிய வைத்திருந்தது. அதை மறுபடி வாரிக் கட்டிய பெரியவர், வெடித்துப்போன கால்விரல் இடுக்குகளை எனக்குக் காட்டி, “தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தேனுங்க, ஆறலைங்க” என்றார். வெறும் உப்பாக இருந்தால் நாமே அதைச் சாயத்தொட்டியில் போட்டிருப்போம். துணியில் ஏறாத சாயமும் பிற கரிமப் பொருள்களும் ஒட்டியிருப்பதால்தான் அது எவருக்கும் வேண்டாத சரக்காகிவிட்டது.

அந்தச் சாயத்தை, நீர் எவாப்பரேட்டருக்குப் போவதற்கு முன்பே பிரித்தெடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பருத்தித் துணியோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயம் எதிர்மின்சுமை கொண்டது. செட்டைல்பிரிடினியம் குளோரைடு போன்ற நேர்மின்சுமையுள்ள சர்பாக்டன்டை (சோப்பு போன்ற பொருளை), தூய நீரானால் லிட்டருக்கு ஏறத்தாழ 0.3 கிராமுக்கு மேல் கலக்கும்போது, அதன் மூலக்கூறுகள் சில நானோமீட்டர் அளவுள்ள மைசெல் உருண்டைகளாகத் திரள்கின்றன. உப்பு நீரில் இன்னும் குறைவாகவே போதும். தனியாக வந்தால் அல்ட்ரா பில்ட்ரேஷன் என்னும் நுண்வடிகட்டிச் சவ்வின் துளை வழியே நழுவிவிடும் சாயம், இந்த உருண்டைகளைப் பற்றிக்கொண்டு இப்பக்கமே நின்றுவிட, உப்பு நீர் அப்பக்கம் போய்ச் சேரும். 1980-களிலிருந்து ஆய்வகங்களில் செய்துவரும் முறைதான் இது. பிடிபட்ட சாயம் நீரோடு வினைபுரிந்து ஒட்டும் தன்மையை இழந்துவிட்டதால் மறுபடி துணிக்கு ஆகாது. ஆனால் அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் என்று நாம் கொட்டும் உப்பு திரும்பக் கிடைத்தால் அதுவே பெரிது.

இடர்களை நான் மறைக்கவில்லை. உப்பு மிகுந்தால் மைசெல்லின் பிடி தளரலாம். தப்பி வரும் சர்பாக்டன்ட் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வில் படியும், நுண்ணுயிர்த் தொட்டியைக் கெடுக்கும். அதை மீட்டு மறுபடி பயன்படுத்தாவிட்டால் செலவும் கட்டாது. ஆகவேதான் பிரதான குழாயில் கை வைக்காமல், என் பட்டறையின் சாயத்தொட்டி நீரில் நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டரை மட்டும் தனியே எடுத்து, மூன்று மாதம் சோதித்துப் பார்க்க இடமும் அனுமதியும் கேட்டேன். இன்றும் அதையே கேட்கிறேன்.

வெளிநாட்டு இயந்திரக் கம்பெனிக்காரர் வந்து வண்ணப் படம் காட்டினால், முந்திரி பக்கோடாவோடு அரைநாள் உட்கார்ந்து கேட்கும் பொறுமை நமக்கு உண்டு. நொய்யலில் நுரை பொங்கினால் வீட்டுச் சோப்பு என்று மறுநாளே சொல்லிவிடும் வேகமும் உண்டு. உள்ளூர் உறுப்பினரின் இரண்டு பக்கத் தாளுக்குத்தான் நேரம் வாய்க்கவில்லை. கடுமையாகப் பட்டால் பொறுத்தருள்க.

அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தச் சோதனையைச் சேர்க்குமாறும், தப்பி வரும் சர்பாக்டன்டின் அளவை வாரந்தோறும் நம் ஆய்வகத்திலேயே அளந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். தொட்டியும் பம்பும் என் செலவு. அனுமதி மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். எந்தப் பதிலானாலும் ஐப்பசிக்கு முன் கிடைத்தால் நல்லது. கொட்டகையின் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
சாயப்பட்டறை உறுப்பினர் ஒருவர்