தோட்டா டப்பா மேல இருக்குற "ஜீரோ மாத்த வேண்டாம்" வரிய பத்தி ஒரு புகார்

வணக்கம் சார் / மேடம்,

உங்க 180 கிரெய்ன் தோட்டா என் ரைஃபிள்ல குறி விலகி அடிக்குதுன்னு எழுதுனதுக்கு உங்க கஸ்டமர் கேர்ல இருந்து வந்த ரெண்டு பதிலும் படிச்சேன், ரெண்டுலயும் அதே பல்லவி தான், ஸ்கோப் மவுண்ட் (குறி பாக்குற தொலைநோக்கிய துப்பாக்கில பிடிச்சு வைக்கிற தாங்கி) லூசா இருக்கும் செக் பண்ணிக்கோங்கன்னு. மவுண்ட் லூசா இல்ல சார். அத எப்படி சொல்றேன்னு கீழ எழுதிருக்கேன், இந்த தடவையாவது முழுசா படிச்சுட்டு பதில் போடுங்க.

என்கிட்ட இருக்குறது .308 ரைஃபிள், ரொம்ப நாளா உங்க 150 கிரெய்ன் (கிரெய்ன்ங்குறது புல்லட்டோட எடை அளவு) தோட்டா தான் போட்டுட்டு இருக்கேன், 100 மீட்டர்ல ஜீரோ பண்ணி வச்சது, அதாவது குறி பாக்குற இடத்துலயே புல்லட் விழுற மாதிரி ஸ்கோப்ப திருகி வச்சது. போன மாசம் உங்க 180 கிரெய்ன் வாங்குனேன், ஏன்னா டப்பா மேல பெருசா போட்டிருந்தீங்க, 150ல இருந்து 180க்கு மாறுனாலும் ஜீரோ மாத்த வேண்டாம், ரெண்டும் ஒரே இடத்துல தான் அடிக்கும்னு. அத நம்பி நேரா கிளப் போட்டிக்கு எடுத்துட்டு போனேன் பாருங்க, அது என் புத்திய சொல்லணும். முதல் கார்டு (சுட்ட குறி அட்டை) திரும்பி வந்தப்ப பாத்தா அஞ்சு ஓட்டையும் ஒரு தீப்பெட்டிக்குள்ள அடங்குற மாதிரி அழகா சேந்து இருக்கு, ஆனா மொத்தமா நடுவுல இருந்து 5 செமீ இடது பக்கம், 3 செமீ மேல. போட்டி அங்கயே முடிஞ்சு போச்சு.

அடுத்த வாரம் ரேஞ்சுக்கு போய் பொறுமையா உக்காந்து டெஸ்ட் பண்ணேன். 150ல அஞ்சு, அப்புறம் 180ல அஞ்சு, திரும்ப 150ல அஞ்சு, நடுவுல பேரல் (துப்பாக்கி குழாய்) ஆற விட்டு, ஸ்கோப் திருகுல ஒரு கிளிக் கூட தொடாம. கடைசி அஞ்சும் முதல் அஞ்சு விழுந்த இடத்துலயே போய் விழுந்துச்சு. மவுண்ட் லூசா இருந்தா அது எப்படி சார் தானா திரும்பி பழைய இடத்துக்கு வரும்?

இதுக்கு உங்க ஆளு எழுதுன ரெண்டாவது பதில் தான் இன்னும் கொடுமை. வெயிட்டான புல்லட் கீழ தான் விழும், மேல போக வாய்ப்பே இல்ல, நீங்க கார்ட தலைகீழா பாத்திருப்பீங்கன்னு. தோட்டா விக்கிற கம்பெனில இருந்து இப்படி ஒரு பதில் வரும்னு நான் நினைக்கல.

கீழ விழுற கணக்க நானே போட்டு பாத்தேன். 150 கிரெய்ன்னா சுமார் 9.7 கிராம், நொடிக்கு 860 மீட்டர் கிட்ட கிளம்புது, 180ன்னா 11.7 கிராம், 800 மீட்டர் கிட்ட. எடை கூடங்குறதுக்காக எதுவும் சீக்கிரம் கீழ விழாது, மெதுவா போறதால காத்துல கொஞ்சம் அதிக நேரம் இருக்கு, அந்த நேரத்துல கூட கொஞ்சம் இறங்குது, அவ்ளோ தான். 100 மீட்டர்ல அந்த வித்தியாசம் வெறும் 1 செமீ அளவு தான் வரும். 300 மீட்டர் தாண்டி போனா அது பெரிய விஷயம் தான், புல்லட்டோட வடிவம் காத்த எப்படி கிழிக்குதுங்குறதும் சேந்துக்கும், ஆனா நான் சுட்டது 100ல.

மிச்ச கதை எல்லாம் புல்லட் பேரல விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே நடக்குது. அது உள்ள நகர ஆரம்பிச்ச உடனே ரீகாயிலும் (துப்பாக்கி பின்னாடி உதைக்கிறது) ஆரம்பிச்சுடும், முனை மேல தூக்க ஆரம்பிக்கும். உள்ள இருக்குறது ஒரு நொடில ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் தான், ஆனா மெதுவான புல்லட் அதுலயும் கொஞ்சம் லேட்டா வெளிய வருது, அதுக்குள்ள முனை இன்னும் கொஞ்சம் மேல போயிருக்கும். அதனால தான் கிட்ட தூரத்துல வெயிட்டான புல்லட் மேல அடிக்கிறது ஒண்ணும் அதிசயம் இல்ல. இது போக பேரல் அடிச்ச கம்பி மாதிரி அதிருது, அந்த ஆட்டத்துல எந்த இடத்துல இருக்கும்போது புல்லட் வெளிய வருதோ அந்த பக்கம் பாத்து போகும். 60 செமீ பேரலோட முனை 0.3 மிமீ விலகுனாலே 100 மீட்டர்ல 5 செமீ ஆயிடும், நகத்தோட கனம் கூட இல்ல அது.

அப்புறம் இடது பக்கம் போன 5 செமீ? புவியீர்ப்பு யாரையும் இடது பக்கம் இழுக்காது. சுழற்சியால விலகுதுன்னும் சொல்லாதீங்க, என் பேரல்ல புல்லட்ட சுழல வைக்கிற வரிப்பள்ளம் வலது சுத்து, அதுல வலது பக்கம் தான் விலகும், அதுவும் 100 மீட்டர்ல கண்ணுக்கே தெரியாது.

என் பக்கத்து தப்பையும் மறைக்க விரும்பல. பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் (அத தாங்குற மரக்கட்டை) நடுவுல ஒரு பேப்பர விட்டு இழுத்து பாத்தேன், முன் பக்கம் வலது ஓரத்துல சிக்கிச்சு, மரம் உரசுது. அத தேச்சு சரி பண்ணிட்டு திரும்ப சுட்டேன். 5 செமீ 2 செமீ ஆச்சு, ஆனா போகல, மேல போறது அப்படியே தான் இருக்கு. கிளப்ல இன்னொருத்தர்கிட்ட இதே மாடல் இருக்கு, அதுல உங்க 180 வலது பக்கம் கீழ அடிக்குது. அப்போ எந்த துப்பாக்கில எங்க அடிக்கும்னு டப்பா மேல எழுதி வைக்க உங்களால எப்படி முடியுது? ரெண்டும் ஒரே இடத்துல அடிக்கிற ரைஃபிளும் இருக்கும், இல்லன்னு சொல்லல, அது அந்த ரைஃபிளோட அதிர்ஷ்டம்.

தோட்டால குறை இல்ல சார், குரூப் (ஓட்டை எல்லாம் சேந்து விழுறது) நல்லா தான் வருது, சொல்ல போனா 150ய விட டைட்டா வருது. எனக்கு அந்த வரி தான் பிரச்சனை. அத எடுத்துட்டு புல்லட்டோட நீளம், என்ன ட்விஸ்ட் (பேரல் வரிப்பள்ளம் எவ்ளோ நெருக்கமா சுத்தணும்) வேணும், அந்த வேகத்த எவ்ளோ நீள பேரல்ல அளந்தீங்கன்னு போடுங்க, வாங்குறவனுக்கு அது உதவும்.

உடைக்காத 3 டப்பா என்கிட்ட இருக்கு, வாங்குன பில்லும் லாட் நம்பர் தெரியிற போட்டோவும், மூணு கார்டோட போட்டோவும் இதோட வச்சிருக்கேன் (எது மேல பக்கம்னு அம்புக்குறி போட்டிருக்கேன்). அந்த 3 டப்பாவையும் எடுத்துகிட்டு 150 கிரெய்னா மாத்தி குடுங்க, இல்லன்னா காச திருப்பி குடுங்க. பதில தயவுசெஞ்சு டெக்னிக்கல் டீம்ல யாராவது எழுத சொல்லுங்க, மவுண்ட் ஸ்க்ரூவ இன்னொரு தடவ முறுக்குனா உடைஞ்சுடும்.

இப்படிக்கு,
உங்க 150 கிரெய்ன் கஸ்டமர்