மடை அடைத்த அக்காவுக்கு

அப்பா கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் கண் அசந்தார். எனக்குக் கை நடுக்கம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

நடந்ததைத் திருவட்டாற்றில் இனி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை: ஞாபக மறதி உள்ள அப்பா என் கவனக்குறைவால் காணாமல் போய், தேடிக் கிடைத்தார். ஆதிகேசவப் பெருமாள் கோயிலைக் கும்பிட்டுவிட்டு அப்படியே, ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் காட்டலாம் என்றது என் யோசனை. ஃபோனில் பேசிக்கொண்டு நின்றதும் நான்தான்.

ஆட்டோ அண்ணன்மார், ஃபோட்டோவைப் பகிர்ந்தவர்கள், டார்ச்சோடு பறளியாற்றுப் படிகளில் இறங்கிய பிள்ளைகள், உடனே வந்த காவலர்கள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

அன்னாசிப்பழம் விற்கும் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் சானல்கரையில், அதாவது கால்வாய்க் கரையில், அப்பாவைப் பார்த்திருக்கிறார். "மழை வருது, ஷட்டரை அடைக்கணும், இல்லேன்னா கரை ஒடையும்" என்று அப்பா வேகமாக நடந்துகொண்டிருந்தாராம். கால்வாய் ஷட்டரைத் திறந்து அடைக்கும் லஸ்கராக முப்பது வருஷம், தொட்டிப்பாலம் வழியே ஓடும் பட்டணங்கால் கால்வாயின் கரையில் நடந்த கால் அது. 1966-இல் கட்டிய தொட்டிப்பாலத்துக்கு, அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பத்து வயதுகூட ஆகவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். அக்கா "சரிப்பா, நானும் வாறேன்" என்று குடையை விரித்துக்கொண்டு கூடவே நடந்தார். பாலத்துக்குத் தூண் எத்தனை என்று கேட்டாராம். 28. உயரம்? 115 அடி. காலையில் என் பெயரை மூன்று தடவை கேட்டவர் சொன்ன பதில் இது. அப்புறம் ஒரு வயல் மடை வந்ததும் அக்கா குனிந்து, துருப்பிடித்த இரும்பில் பழக்கத்தியால் ரெண்டு தட்டுத் தட்டி, "அடைச்சாச்சு, பாருங்க" என்றார். அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் காலில் இருந்த சேற்றைத் தன் தோர்த்துத் துண்டால் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த ரெண்டு துண்டு பழத்தைக் கொடுத்திருக்கிறார்.

நான் ஓடிப்போய் நின்றபோது அப்பா சொன்னார்: "வேலை முடிஞ்சுது மக்களே."

நாங்கள் வீட்டில் தினமும் என்ன செய்கிறோம்? "நீங்க ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு" என்று திருத்திக்கொண்டே இருக்கிறோம். இனி அதைச் சொல்ல மாட்டேன். ஷட்டர் என்றால் கூடவே போய் அடைத்துவிட்டு வருவேன்.

அக்கா, பணம் வேண்டாம் என்றீர்கள். ஆனால் உங்கள் குடை எங்கள் காரிலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கொண்டு வருகிறேன்.