கூண்டு இல்லாமல் லாரி டயருக்குக் காற்றடிக்க விடாதீர்கள்: கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், ஓசூர் போகிற சாலையில் 28 வருஷமாக லாரி டயர் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற இன்னொரு டயர் கடையில் நடந்ததைத் தங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். பேப்பரில் நாலு வரி வந்தது. ‘டயர் வெடித்து வாலிபர் படுகாயம்’ என்று போட்டிருந்தார்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். டயர் வெடிக்கவில்லை. அந்த டயர் இன்றைக்கும் முழுசாக அந்தக் கடை வாசலில் சாய்ந்து கிடக்கிறது. பறந்தது ரிங்.

பழைய லாரி, கிரானைட் ஏற்றுகிற டிப்பர், டிராக்டர் டிரெய்லர் இவற்றில் பலவற்றுக்கு டிஸ்க், அதாவது டயர் மாட்டுகிற இரும்புச் சக்கரம், ஒரே துண்டாக இருக்காது. டயரை உள்ளே தள்ளி, ஓரத்தில் ஓர் இரும்பு வளையம் போட்டு, அது வெளியே வராமல் இருக்க லாக் ரிங்கைப் பள்ளத்தில் தட்டி உட்கார வைக்க வேண்டும். சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்பது காற்று ஏறும்போதுதான் தெரியும். லாரி டயருக்கு 100 பவுண்டுக்கு மேல் காற்று போகும். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. உள்ளங்கையை விரித்து அந்த டயரின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். கை மறைக்கிற அந்த இடத்தில் மட்டும் உள்ளேயிருந்து சுமார் 700 கிலோ தள்ளிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது துருப்பிடித்த பள்ளத்தில் மாட்டியிருக்கும் ஒரு வளையம். அந்த வளையமும் பல நேரம் வேறு ஏதோ ஒரு டிஸ்க்கிலிருந்து கழற்றிப் போட்டதாக இருக்கும்.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். பெங்களூருக்குப் போகிற மாங்காய் லோடு, பின்சக்கரம் பஞ்சர். விடிவதற்குள் மண்டிக்குப் போகாவிட்டால் விலை போய்விடும், வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் டிரைவரை நான் குறை சொல்லமாட்டேன். கடையில் அந்தப் பையன் மட்டும் கட்டிலில் படுத்திருந்தான். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், வயசு 19. எழுந்து ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, திரும்ப டயரை ஏற்றி, ரிங்கைத் தட்டி, சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்துக் காற்று விட்டிருக்கிறான். எங்கள் கடைகளில் இருக்கிற நாசிலை, அதாவது காற்றுக் குழாயின் முனையை, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் காற்று ஏறும். அதனால் டயருக்கு மேலே குனிந்தபடிதான் இருக்க வேண்டும். பாதிக் காற்று ஏறினபோது ரிங் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. காற்றை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். அதற்கு இன்னும் கால் மணி நேரம் ஆகும். டிரைவர் ஹாரன் அடித்தார். பையன் சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான்.

காற்று உள்ளே இருக்கும்போது ரிங்கைத் தட்டக் கூடாது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன், கணக்கில்லாத முறை.

சத்தம் கேட்டு நான் ஓடினபோது கூரைத் தகரம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரிங் சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் கிடந்தது. கம்ப்ரஸர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இடது கண் போய்விட்டது. தாடை இரண்டு இடத்தில் உடைந்து, பல்லோடு பல் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாய் திறக்க முடியாது. போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா ராகிக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார். தண்ணியாகக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் ஒரு முறை வடிகட்டி, மறுபடி இன்னொரு முறை வடிகட்டினார். சின்னத் திப்பி இருந்தால்கூடக் கம்பி இடுக்கில் மாட்டிக்கொண்டு சீழ் வைத்துவிடுகிறதாம். கடையில் கீரைக் குழம்பு ஊற்றி மூன்று உருண்டை களி சாப்பிடுகிற பையன் அவன். இப்போது ஒரு டம்ளர் கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டியிருக்கிறது. ஒரு டம்ளர் இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறு முறை. அந்த அம்மா மாங்கூழ் கம்பெனியில் வேலை செய்கிறவர். மாங்காய் சீசன் இரண்டு மூன்று மாதம்தான், அந்தக் கூலியில்தான் மீதி வருஷத்துக் கடன் அடையும். இந்த சீசன் முழுக்க அவர் வீட்டில் துணி வைத்து வடிகட்டிக்கொண்டிருக்கிறார்.

பையனால் பேச முடியாது, போனில் எழுதிக் காட்டுகிறான். ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும் என்னிடம் அவன் எழுதிக் காட்டின முதல் வரி, ‘அண்ணா அந்த லோடு போயிடுச்சா?’

கடைக்காரர் கையில் இருந்ததைக் கொடுத்தார். அவரும் கம்ப்ரஸரைக் கடனுக்கு வாங்கினவர்தான். இன்சூரன்ஸ் எதுவும் இல்லை. ஓட்டுநர்களுக்கும் வண்டி பழுது பார்ப்பவர்களுக்கும் அரசு நல வாரியம் இருக்கிறது. அதில் அந்தப் பையன் பதிவு செய்யவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

ஆட்சியர் அவர்களே, இதைத் தடுக்க ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் டயர் கூண்டு. கனமான இரும்புக் குழாயை வளைத்துச் செய்த ஒரு கூடு, அவ்வளவுதான். சக்கரத்தை உருட்டி அதற்குள் நிறுத்த வேண்டும். கிளிப் வைத்த நாசிலை வால்வில் மாட்டிவிட்டு, நீளமான குழாயைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி, ரிங் பார்க்கிற திசைக்கு விலகி நின்று காற்றைத் திறக்க வேண்டும். மீட்டர் கைப்பக்கம் இருக்க வேண்டும். ரிங் கழன்றால் கூண்டில் மோதும், ஆள் மேல் மோதாது.

நான் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய டயர் கம்பெனி டீலர் கடையில் இதைப் பார்த்துவிட்டு, வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒன்று செய்துகொண்டேன். ஒரு புது லாரி டயரின் விலைகூட ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிப்பர் சக்கரத்துக்குக் காற்று விடும்போது அதற்குள்ளேயே ரிங் கழன்றது. காது இரண்டு நாள் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு குழாய் வில் மாதிரி வளைந்துபோனது. காற்று விட்டுக்கொண்டிருந்த பையன் மேல் ஒரு கீறல் இல்லை. அவனுக்கு இப்போது கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. வளைந்த குழாயை வெட்டிவிட்டு வேறு போட்டேன். பழைய குழாயைக் கடைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் இதற்கென்றே 1980-இல் தனி விதி போட்டுவிட்டார்கள். ரிங் போட்ட சக்கரத்துக்குக் கூண்டு இல்லாமல் காற்றடிக்கக் கூடாது, கிளிப் நாசில் வேண்டும், எட்ட நிற்கிற அளவுக்குக் குழாய் வேண்டும், டயரைக் கழற்றும் முன் வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க இறக்க வேண்டும், வெவ்வேறு டிஸ்க்கின் ரிங்கை மாற்றிப் போடக் கூடாது என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1984-இல் ஒரே துண்டு டிஸ்க்குக்கும் அதை நீட்டினார்கள். நான் கடை ஆரம்பிப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே இது ஒரு ஊரில் சட்டம்.

‘இப்போதெல்லாம் டியூப்லெஸ் டயர்தானே, ரிங் எங்கே இருக்கிறது, இன்னும் சில வருஷத்தில் இந்தப் பிரச்சினை தானாகப் போய்விடும்’ என்று ஓர் அலுவலகத்தில் என்னிடம் சொன்னார்கள். போகாது. காற்று குறைந்த நிலையிலேயே வெகுதூரம் ஓடி வந்த, உள்ளே இரும்புக் கம்பி வைத்த ரேடியல் டயரில் பக்கவாட்டுக் கம்பிகள் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. காற்று ஏற ஏற, பொரி பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம் வரும். அதற்கப்புறம் ஓட நேரம் கிடைக்காது. ஜிப்பை இழுத்த மாதிரி பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கிழியும். ரெட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயருக்குக் காற்று போனது டிரைவருக்கே தெரியாமல் பல மைல் ஓடிவிடும், அப்படி வருகிற டயர்தான் ரொம்ப ஆபத்து. இருக்க வேண்டிய காற்றில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கி ஓடின டயரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் காற்றடிக்கக் கூடாது. இங்கே எல்லோரும் வண்டியில் மாட்டியபடியே, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காற்றடிக்கிறோம். ஆகவே ரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூண்டு வேண்டும்.

இதையெல்லாம் எழுதி முன்பே ஒரு மனு கொடுத்தேன். தொழிற்சாலைதான் எங்கள் பொறுப்பு, இது கடை என்று ஓர் இடத்தில் பதில் வந்தது. நாங்கள் கூலியும் விடுமுறையும்தான் பார்ப்போம், இயந்திரப் பாதுகாப்பு எங்களுடையது இல்லை என்று இன்னோர் இடத்தில் சொன்னார்கள். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு முதலாளியும் இரண்டு பையன்களும் இருக்கிற கடை தொழிற்சாலை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் தொழிற்சாலையில் இருக்கிற அதே 100 பவுண்டு காற்றுதான் எங்கள் கடையிலும் இருக்கிறது. ஆள் எண்ணிக்கையைப் பார்த்து அது மெதுவாக அடிக்காது.

இந்த 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் எத்தனை கண்காணிப்பு இருக்கிறது! லாரி எடையைப் பார்க்கிறார்கள், வேகத்தைப் பார்க்கிறார்கள், சுங்கச்சாவடியில் ஒரு வண்டி தப்பாது. காய்கறிக் கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறார்கள். ஜனவரி மாதம் முழுக்கச் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். எங்கள் கடைக்கு உரிமம், கரண்ட் பில், வரி எல்லாம் கேட்டு வந்திருக்கிறார்கள், கொடுத்திருக்கிறேன். இந்த 28 வருஷத்தில் ஒரே ஒரு அதிகாரிகூட ‘எதற்குள் வைத்துக் காற்றடிக்கிறாய்?’ என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தப் பையனுக்குக் கண் இருந்திருக்கும். லாரி உரிமையாளர்களுக்கும் இதைச் சொல்கிறேன். பத்து வருஷமாகத் துருவேறின ரிங்கை மாற்றச் சொன்னால், ‘இந்தத் தடவை மட்டும் ஓட்டிவிடு’ என்கிறீர்கள். அந்த ஒரு தடவை யாருக்கு வரும் என்று யோசிப்பதில்லை.

மன்னிக்க வேண்டும். வேண்டுகோள் எழுத உட்கார்ந்தேன், கோபம் முந்திக்கொண்டது.

பணிவாகக் கேட்பது இதுதான். கூண்டு இல்லாமல் லாரி, டிப்பர், டிராக்டர் டிரெய்லர், மண் அள்ளும் இயந்திரம் எதன் டயருக்கும் காற்றடிக்கக் கூடாது என்று மாவட்டம் முழுக்க ஓர் உத்தரவு போடுங்கள். உரிமம் புதுப்பிக்க வருகிற கடைக்காரரிடம் கூண்டும் கிளிப் நாசிலும் நீளக் குழாயும் இருக்கிறதா என்று கேளுங்கள். உத்தரவு மட்டும் போட்டால் கடைக்காரர்கள் கண்ட கம்பியை வளைத்து வைத்துவிடுவார்கள், அது உடைந்து அந்தக் கம்பியே ஆளை அடிக்கும். என் கூண்டு ஒரு முறை தாங்கியது, ஆனால் அது சரியான கனமா, அடுத்த முறையும் தாங்குமா என்று சோதித்துச் சொல்ல எனக்கு ஆளில்லை. அரசு ஐடிஐ-யில் ஒரு சரியான அளவு வரைந்து, செய்து, சோதித்துக் கொடுத்தால் எங்கள் பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்துச் செய்துகொள்வார்கள். சிறு கடைகளுக்குத் தவணையில் கொடுக்க ஒரு வழி செய்யுங்கள். 18 வயசு ஆகாத பையன்களை இந்த வேலைக்கு வைக்கிற கடையை மூடுங்கள், அதில் எனக்கு இரக்கம் கிடையாது. நல வாரியப் பதிவை எங்கள் சாலை ஓரத்துக்கே வந்து, ஒரு பந்தல் போட்டு நடத்துங்கள். ராத்திரி வேலை செய்கிற பையன்கள் பகலில் அலுவலகம் தேடி வரமாட்டார்கள்.

தொப்பூர் கணவாய் வழியாகப் போகிற லாரிகளை நம்பி தர்மபுரிப் பக்கமும் இதே மாதிரி கடைகள் இருக்கின்றன. பிரேக் பிடித்துப் பிடித்து, தொட்டால் கை சுடுகிற டிஸ்க்கோடு வண்டி வந்து நிற்கும். அதனால் இந்த மடலின் நகலைத் தர்மபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் அனுப்புகிறேன்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் அழைத்து வருகிறேன். அவனால் பேச முடியாது, நான் பேசுகிறேன். சுவரில் மாட்டியிருக்கிற அந்த வளைந்த குழாயையும் கொண்டு வருகிறேன். வாசலில் சோதனை செய்கிறவர்கள் இரும்பை உள்ளே விடமாட்டார்கள் என்றால், தயவுசெய்து தாங்களோ தங்கள் அதிகாரி ஒருவரோ ஐந்து நிமிஷம் வெளியே வந்து அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு லாரி டயர் கடைக்காரர்,
குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.