டோனி அயோமி இழந்தது வலக்கை விரல்நுனிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஹெவி மெட்டல் என்னும் கனத்த ராக் இசையின் முன்னோடியான பிளாக் சபாத் இசைக்குழுவைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாடகர் ஓஸி ஆஸ்பர்னின் மேடைக் கூத்துகளுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு நான்கே வரிகள் கொடுத்திருக்கிறார். அதிலும் ஒரு பிழை. தொழிற்சாலை விபத்தில் அவர் இழந்தது இடக்கை விரல்நுனிகள் என்று எழுதியுள்ளார். அயோமி இடக்கைப் பழக்கமுள்ளவர். இடக்கையால் தந்திகளை மீட்டி, வலக்கை விரல்களால் அழுத்தி வாசிப்பவர். போனது வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகள்.

சின்ன விஷயம் என்று தோன்றலாம். கணபதியில் இருபத்தாறு ஆண்டுகள் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிய எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் கை, எந்த விரல், எத்தனையாவது கணு என்றுதான் எங்கள் பட்டறைகளில் முதலில் கேட்பார்கள்.

1948-இல் இங்கிலாந்தின் தொழில்நகரமான பர்மிங்காமில் பிறந்த அயோமிக்கு விபத்தின்போது வயது 17. ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. இசைக்குழுவோடு போவதற்காக வேலையை விட்டு நிற்கும் கடைசி நாள் அது. பிரஸ்ஸில் நிற்க வேண்டியவர் வராததால் இவரை அதில் நிறுத்தினார்கள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனிப் போகவில்லை என்றபோது, வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாய்தான் திருப்பி அனுப்பினார். பழகாத இயந்திரம் கைமேல் இறங்க, பதறி இழுத்ததில் நுனிகள் அங்கேயே நின்றுவிட்டன. ஆள் வராத நாளில் வேலை தெரியாதவனை மெஷினில் நிறுத்தும் வழக்கம் அந்த ஊருக்கு மட்டும் உரியதன்று. ஹெல்பராக இருந்த காலத்தில் என் ஆள்காட்டி விரலின் நுனியும் அப்படித்தான் போயிற்று. புண் ஆறிய பிறகும் சட்டைப் பொத்தான் போட வரவில்லை; மைக்ரோமீட்டரைத் திருகினால் எங்கே பிடிக்கிறது என்பது விரலுக்குத் தெரியவில்லை.

இனி வாசிக்க முடியாது என்றிருந்த அயோமியிடம், தீயில் கருகிய கையோடு இரண்டு விரல்களை வைத்தே வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் அந்தத் தொழிற்சாலையின் மேலாளர். அதன் பிறகு அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, தேய்த்து அளவாக்கி, பழைய ஜாக்கெட்டின் தோலை அதன்மேல் ஒட்டினார். பிட்டர் வேலை தெரிந்தவர்கள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள். தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி தெரியாது என்பதால், பாஞ்சோ என்ற வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை மாட்டினார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும். அந்தக் கனத்த, தாழ்ந்த நாதத்தைக் கட்டுரையாளர் ‘சாத்தானிய மனநிலையின் வெளிப்பாடு’ என்கிறார். 1970-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே இருள் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுருதி இறங்கியதற்குக் காரணம் விரல். ஹெவி மெட்டல் வாசிக்கிறவர்களில் பலர் உலகெங்கும் இன்றும் சுருதியை இறக்கித்தான் வாசிக்கிறார்கள்.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள். மில்கள் பல மூடி, பவுண்டரிகளும் பம்பு செட்டுப் பட்டறைகளும் பெருகிவிட்ட பிறகு பர்மிங்காம் என்பதே பொருந்தும் என்பது என் எண்ணம். அப்படிப்பட்ட ஊரில் அச்சாகும் நாளிதழ் இம்மனிதரைத் தொழிலாளியாகவும் பார்த்திருக்க வேண்டும். 1968-இல் சில வாரங்கள் ஜெத்ரோ டல் என்ற இன்னொரு ராக் குழுவில் இருந்துவிட்டுத் திரும்பியவர், அங்கே கண்ட உழைப்பைப் பின்பற்றித் தம் நண்பர்களைக் காலையிலேயே ஒத்திகைக்கு எழுப்பினாராம். இது ஷிப்டுக்குப் போனவன் புத்தி.

பாடகர்கள் பலர் மாறியும் குழுவில் இடைவிடாமல் கடைசிவரை இருந்தவர் அவர் ஒருவரே. 2012-இல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு இடையிலேயே அடுத்த ஆல்பத்தை முடித்தார். 2025 ஜூலை 5 அன்று, சொந்த ஊரின் வில்லா பார்க் மைதானத்தில், 77 வயதில் வாசித்தபோதும் விரல்களில் தொப்பி இருந்தது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ‘வலக்கை’ என்று ஒரு வரித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பவர் பிரஸ் ஆபரேட்டர்,
கணபதி, கோயம்புத்தூர்.