உன் வீட்டுக் கதவைப் பார்த்தேன்

அன்புள்ள நண்பா,

சிட்னி திரும்பிப் பத்து நாளாகிறது. ஊரிலிருந்தே உனக்கு எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சொல்ல வேண்டிய சேதி அப்படி.

பன்னிரண்டு வருடம் கழித்து எங்கள் படைப்புக்காக, பங்காளிகள் கூடி முன்னோர்களைக் கும்பிடுவதற்காகப் போனேன். பல்லவன் ரயில் காரைக்குடிக்கு வந்து சேர இரவு பத்தைத் தாண்டிவிட்டது. கானாடுகாத்தானுக்குள் கார் நுழைந்தபோது தெருவிளக்கைத் தவிர வெளிச்சமே இல்லை. நாம் சைக்கிள் விட்ட தெருவில் வரிசையாக இருட்டு வீடுகள்.

காலையில் எங்கள் வளவில், அந்த உள் முற்றத்தில் போய் நின்றேன். சுற்றிலும் அறைகள், கதவுக்கொரு பூட்டு. பதினொரு பங்கு. சாவிகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கின்றன. எங்கள் அறையைத் திறந்தேன். ஆத்தாளின் கல்யாணச் சாமான் அடுக்கியது அடுக்கியபடியே இருக்கிறது: பித்தளை, எவர்சில்வர், எனாமல். தூசி தட்டக்கூட மனசு வரவில்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசிய சுவர் இன்னும் வழவழவென்றுதான் இருக்கிறது. சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்போமே, அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். அதே குளிர்ச்சி. ஆனால் இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து, மழைத் தண்ணீர் தேக்கு உத்திரத்தில் இறங்குகிறது.

சரி, சொல்லிவிடுகிறேன். உன் பங்காளிகள் உங்கள் வீட்டை விற்றுவிட்டது உனக்குத் தெரியும். இடித்ததை யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. முகப்புத் திண்ணைகூட இல்லை, வெறும் மனைதான். 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது, இனி ஒரு வீடும் போகாது என்று உனக்குப் போன் பண்ணிச் சொன்னவன் நான்.

மறுநாள் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய சாமான் கடை ஒன்றில் உங்கள் கதவு நிலையோடு சாத்தி வைத்திருந்தது. மேலே கஜலட்சுமி, அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன். குனிந்து பார்த்தேன். நாம் ஆணியால் கீறிய மூன்று கோடு, ஸ்டம்பு! உங்க ஐயா நம் இருவரையும் முட்டி போட வைத்தாரே, அதேதான். ஏதோ ஹோட்டலுக்குப் போகிறதாம். கோட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, டீ சொன்னார்.

உன் பங்காளிகள் மேல் முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டு உத்திரத்தைப் பார்த்தவனுக்கு அந்தக் கோபம் நிற்கவில்லை. நம் ஐயாக்களும்தான் கடல் கடந்து கொண்டுவிக்க, தொழில் செய்யப் போனார்கள். ஆனால் பர்மாவுக்குத் தனியாகப் போய், மூன்று வருடக் கணக்கு முடித்து ஊருக்கு வந்தார்கள். பெண்டு பிள்ளைகள் இங்கே இருந்தார்கள், அடுப்பு எரிந்தது. ஜப்பான்காரன் 1942இல் ரங்கூனைப் பிடித்தபோது, கடையை விட்டு, வசூலை விட்டு, நடந்தே வந்தவர்களுக்கும் வந்து சேர ஒரு வளவு இருந்தது. நாம் குடும்பத்தோடு போனோம். அது தப்பில்லை. அப்பத்தா மாதிரி வருடக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு இருக்கும் வாழ்க்கையை என் மனைவிக்கு நான் கொடுக்க மாட்டேன். ஆனால் இத்தனை பெரிய வீடு, இருப்பவர்களை நம்பிக் கட்டியது. இருக்க ஆளில்லை என்றால் ஓட்டிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

படைப்பன்று மட்டும் வீடு நிறைந்துவிட்டது. எல்லாப் பூட்டும் திறந்தது. என் மகளுக்குப் புள்ளி (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு கணக்கு) என்றால் என்ன, பங்காளி என்றால் யார் என்று பெரியவர்கள் உட்கார்த்திச் சொன்னார்கள். பந்தியில் கவுனி அரிசியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அன்று சாயங்காலமே ஓட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். பதினொரு பங்கில் ஏழு பேர் பணம் தர ஒத்துக்கொண்டார்கள். மற்ற நால்வரிடமும் போனில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்குள் முடித்துவிட வேண்டும்.

அந்த மூன்று கோட்டைப் படம் எடுத்தேன், இதோடு அனுப்புகிறேன். இனி எங்கே போய் இறங்குவது என்று நினைக்காதே. எங்கள் அறைச் சாவி பின் தெரு ஆச்சியிடம் இருக்கிறது. உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன், கேட்டால் கொடுப்பார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்