புதுக்கடையில லோயர் தேடினது

ஆசிரியர் ஐயா, அக்காட மகனைப் பொலிஸ் புடிச்சு மஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க எண்டு கோல் வந்த உடனே கொழும்பு கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடைக்கு ஓடினன், கேட்டடியிலயே ஒருத்தர் "அண்ணே பிணையா, நம்மட லோயர் இருக்கார்" எண்டு 25,000 ரூபா வாங்கிட்டார், பற்றுச்சீட்டும் இல்ல, பயத்தில நானும் குடுத்திட்டன். வந்த லோயர் பெடியன்ட பேரையே பிழையாச் சொன்னார்! அண்டைக்குப் பிணையும் இல்ல.

பிறகுதான் தெரியும், 1978 சட்டத்தால வந்த சட்ட உதவி ஆணைக்குழு அங்கயே இருக்காம், வசதியில்லாதவங்களுக்கு லோயர் குடுப்பாங்களாம். ஹை கோர்ட்டில லோயர் இல்லாட்டி கோர்ட்டே ஒருத்தரை நியமிக்கும். இதைக் கேட்டடியில தமிழ்லயும் பெரிசா எழுதிப் போட்டா என்ன?

இப்படிக்கு,
ஒரு மாமா, கொட்டாஞ்சேனை